கணித மேதை படித்த திண்ணைப் பள்ளி

விஜயதசமியன்று நம் அங்கத்தினர்கள் பலரது அகத்தில் பேரக்குழந்தைகளுக்கு அக்ஷராப்யாசம் நடக்கும். அப்போதெல்லாம் எனக்குக் கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமானுஜன் ஞாபகம்தான் வரும். அவர் கேம்பிரிட்ஜ் போனதையும், 1918ல் ராயல் சொஸைட்டி அங்கத்தினர் ஆனதையும் எல்லோரும் அறிவோம். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷங்களைப் பற்றித்தான் அதிகம் பேசுவதில்லை.

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்தார். தகப்பனார் கும்பகோணத்தில் ஜவுளிக்கடை குமாஸ்தா. மூன்று வயது வரை குழந்தைக்குப் பேச்சு வரவில்லை. தாயார் கோமளத்தம்மாள் கவலைப்பட்டுக் காஞ்சிபுரம் அழைத்துப் போனார். அங்கே தாத்தா கையைப் பிடித்து அரிசியில் எழுதப் பழக்கினார். பேச்சும் வந்தது. 1892 அக்டோபர் 1, விஜயதசமியன்று திண்ணைப் பள்ளியில் சேர்த்தார்கள்.

ஆனால் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. சென்னையில் இருந்த நாட்களில் போக மறுத்ததால், போலீஸ்காரர் ஒருவரை விட்டு மிரட்ட வேண்டியிருந்தது. அதே பிள்ளைதான் கும்பகோணம் திரும்பி, காங்கேயன் ஆரம்பப் பள்ளியில் படித்து, 1897ல் ஆரம்பப் பரீட்சையில் தஞ்சை ஜில்லாவிலேயே முதலாவதாகத் தேறினார். எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று என்று ஆசிரியர் சொன்னபோது, பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தாலும் ஒன்றா என்று கேட்டாராம்.

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1980களில் நிகோபாரில் கட்சால் தீவில் ஆசிரியராக இருந்தேன். இலங்கையிலிருந்து திரும்பி, ரப்பர் தோட்ட வேலைக்காகக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் அங்கே உண்டு. அப்படியொரு வீட்டுப் பையன், ஒன்றாம் வகுப்பு. ஓரிடத்தில் உட்கார மாட்டான். நேற்று கடல் ஏறிய நேரத்துக்கு இன்று ஏன் ஏறவில்லை என்று ஒரு நாள் பாடத்தின் நடுவே கேட்டான். அதிகப்பிரசங்கி என்று வெளியே நிற்க வைத்தேன். சந்திரனால் கடல் ஏற்றம் தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகிறது. ஆறு வயதில் அதைத் தானே கவனித்திருக்கிறான்! எனக்கு அது உறைத்தபோது அவன் குடும்பம் ஊரை விட்டே போய்விட்டது. அதன்பின் அவன் வகுப்பில் கேள்வி கேட்டானோ இல்லையோ, அந்தப் பாவம் என்னுடையது.

ராமானுஜனுக்கு அந்த விஷயத்தில் அதிர்ஷ்டம் இருந்தது. அகத்தில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்கள் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தார்கள். லோனி எழுதிய திரிகோணமிதிப் புஸ்தகம் கைக்குக் கிடைத்தது. டவுன் ஹைஸ்கூல் கணித ஆசிரியர் கணபதி சுப்பையர், 1200 மாணவர்களை 35 ஆசிரியர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வேலையையே அவரிடம் ஒப்படைத்தார். 1904ல் தலைமை ஆசிரியர் கிருஷ்ணஸ்வாமி ஐயர் கணிதப் பரிசு வழங்கினார். இந்த ஆதரவு கல்லூரியில் இல்லை. மற்ற பாடங்களில் தவறி, உபகாரச் சம்பளம் போயிற்று. பிறகு எவ்வளவு அலைச்சல்! 1920 ஏப்ரல் 26 அன்று, 32 வயதில் காலமானார்.

எல்லாக் குழந்தையும் ராமானுஜன் ஆகாது; ஆக வேண்டியதும் இல்லை. பேச்சு தாமதமானாலும், பள்ளிக்கு அழுதாலும், உடனே மக்கு என்றோ முரடு என்றோ முத்திரை குத்தாமல் இருப்போம். கேள்வி கேட்டால் தெரிந்ததைச் சொல்வோம். தெரியாவிட்டால் சேர்ந்து தேடுவோம். பேரன் பேத்திகளுக்குத் தாத்தா பாட்டிகளால் இதைவிடப் பெரிய ஆசீர்வாதம் என்ன செய்துவிட முடியும்?