தன் கண்ணையே ஆராய்ந்த சர். சி. வி. ராமன்

நோபல் பரிசு கிடைத்தாயிற்று. பாரத ரத்னா பட்டமும் வந்தாயிற்று. வயதோ எழுபதைத் தாண்டிவிட்டது. வேறொருவராக இருந்தால் சாய்வு நாற்காலியில் சாய்ந்திருப்பார். ஆனால் அந்தத் தமிழரோ பெங்களூரில் ஒரு வெள்ளைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து புதிய ஆராய்ச்சி தொடங்கினார். ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பொருள், அவருடைய சொந்தக் கண்!

அவர்தான் சர். சி. வி. ராமன்.

சென்னையில் படிப்பு

1888-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி, திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1904-ல் பி.ஏ. பரீட்சையில் முதலாவதாகத் தேறினார். ஒளியைப் பற்றிய அவரது முதல் கட்டுரை 1906-ல் லண்டன் பத்திரிகையில் வந்தது.

1907-ல் சர்க்கார் நிதி இலாகாவில் பெரிய உத்தியோகம். கல்கத்தாவில் பகலில் ஆபீஸ். மற்ற நேரமெல்லாம் ஆராய்ச்சி. 1917-ல் அந்த உத்தியோகத்தை உதறி, குறைந்த சம்பளத்தில் பேராசிரியர் ஆனார். 1928-ல் கண்ட ராமன் விளைவு, 1930-ல் நோபல் பரிசைத் தேடித் தந்தது.

திரையில் தெரிந்தது என்ன?

கடைசிக் காலத்தில் அவர் செய்த சோதனை மிக எளியது. ஒரு வண்ணத் தகட்டைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, வெளிச்சமான வெள்ளைத் திரையை அசையாமல் பார்ப்பார். சட்டென்று தகட்டை எடுத்துவிடுவார். திரையில் வண்ண வட்டம் ஒன்று தோன்றும்! அது தம் விழித்திரையின் உருவமே என்று ராமன் முடிவு கட்டினார்.

வெளியே இல்லாத நிறம் கண்ணுக்குள் தோன்றுவதைத் தாம்பரம் மின்சார ரயிலிலும் காணலாம். மாலை வெயில் முகத்தில் அடிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டால், மரங்களும் கம்பங்களும் வெயிலை மறைத்து மறைத்து விடும். இமைக்குள் வண்ணக் கோலங்கள் ஓடும்.

ஒளி பட்டால் கண்ணின் பாவை சுருங்கும், இருட்டில் விரியும். மிக வேகமாக மினுக்கினால் பாவையால் ஈடுகொடுக்க முடியாது. ஆனால் மூளையின் மின் அலைகள் அந்தத் தாளத்துக்கு ஏற்பத் துடிக்கும். சிலருக்கு இதனால் வலிப்பும் வரலாம். 1997-ல் ஜப்பான் டெலிவிஷனில் ஒரு கார்ட்டூன் படம் ஓடியது. அதில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னியதைப் பார்த்து, நூற்றுக்கணக்கான குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது.

தோற்றது எங்கே?

கண்ணில் மூன்று நிறங்களுக்கு மூன்று வகை உணர்வுகள் உண்டு என்பது ஐரோப்பிய விஞ்ஞானிகளின் பழைய கொள்கை. ராமன் அதை ஒப்பவில்லை. 1968-ல் பார்வையைப் பற்றித் தனி நூலே எழுதி மறுத்தார்.

ஆனால் 1964-லேயே அமெரிக்க விஞ்ஞானிகள் விழித்திரையின் தனித்தனிக் கூம்பு அணுக்களை அளந்து, மூன்று வகை இருப்பதைக் காட்டிவிட்டார்கள். உலகம் அதையே ஏற்றது. ராமனின் கொள்கை ஒதுங்கிப் போயிற்று. 1970 நவம்பர் 21-ந் தேதி அவர் காலமானார்.

நோபல் பரிசு பெற்றவர் சொன்னாலும், சோதனை ஒப்பாததை விஞ்ஞானம் ஏற்பதில்லை. அதனால் ராமனின் புகழ் குன்றவில்லை. ஒரு வண்ணத் தகடும் வெள்ளைத் திரையும் இருந்தால் போதும், ஆராய்ச்சி செய்யலாம் என்று எண்பது வயதிலும் வாழ்ந்து காட்டினாரே, அதுதான் அவர் இளைஞர்களுக்கு விட்டுச் சென்ற சொத்து!