பலிக்காத முயற்சிக்குக் கிடைத்த விருது

விக்டோரியா கிராஸ் என்பது போர்முனையில் காட்டும் வீரத்துக்காக பிரிட்டி‌ஷ் அரசு வழங்கும் மிக உயரிய விருது. எதிரியை வீழ்த்தியவர்களும் தோழர்களின் உயிரைக் காத்தவர்களும் அதைப் பெற்றிருக்கிறார்கள். நண்பரைக் காப்பாற்றப் போராடி, முடியாமல் திரும்பிய ஒருவருக்கும் அந்த விருது கிடைத்திருக்கிறது. அவர் ஆண்ட்ரூ மினார்ஸ்கி. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் உலகப் போரைப் பற்றி வாசித்தபோது என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் இவர்தான்.

கனடாவின் வின்னிப்பெக் நகரில் 1916 அக்டோபர் 14ஆம் தேதி, போலந்திலிருந்து குடியேறிய பெற்றோருக்கு மினார்ஸ்கி பிறந்தார். 16 வயதில் தந்தையை இழந்தார். குடும்பத்தைத் தாங்க, தோல் வெட்டும் வேலைக்குப் போனார். 1941ல் கனடிய ஆகாயப்படையில் சேர்ந்து, குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கி வீரராகப் பயிற்சி பெற்றார்.

பின்னர் இங்கிலாந்தின் வடக்கே இருந்த 419ஆம் படைப்பிரிவில் பணியாற்றினார். அங்கு பயன்பட்ட லங்காஸ்டர் விமானத்தில் ஏழு பேர் செல்வர். விமானத்தின் முதுகில் இருந்த துப்பாக்கிக் கூண்டு மினார்ஸ்கியின் இடம். வாலின் நுனியில் இருந்த கூண்டில் பேட் பிரோஃபி தனியாக அமர்ந்திருப்பார். பிரோஃபி அதிகாரி, மினார்ஸ்கி அவருக்குக் கீழ்நிலை வீரர். ஆனாலும் இருவரும் நெருங்கிய நண்பர்கள். இரவில் பிரியும்போது மினார்ஸ்கி வேண்டுமென்றே விறைப்பாக நின்று, நண்பருக்கு விளையாட்டாகச் சல்யூட் அடிப்பார்.

1944 ஜூன் 6ஆம் தேதி நேசப்படைகள் பிரான்சின் நார்மண்டியில் தரையிறங்கின. ஜெர்மானியத் துருப்புகள் அங்கு விரைந்து வராமல் தடுக்க, ரயில் பாதைகளைத் தகர்க்க வேண்டியிருந்தது. ஜூன் 12ஆம் தேதி இரவு, கம்ப்ரே நகரின் ரயில் நிலையத்தைத் தாக்க இவர்களது விமானம் புறப்பட்டது. அது அந்தக் குழுவின் 13வது பயணம். புறப்படும் முன் புல்தரையில் நான்கு இலை கொண்ட குளோவர் செடி ஒன்று மினார்ஸ்கியின் கண்ணில் பட்டது. மேலைநாட்டில் அது அதிர்ஷ்டத்தின் அடையாளம். அதைப் பறித்துப் பிரோஃபியிடம் கொடுத்தார்.

நள்ளிரவு தாண்டியதும் ஜெர்மானியப் போர்விமானம் ஒன்று கீழிருந்து சுட்டது. இடப்பக்க இயந்திரங்கள் இரண்டும் செயலிழந்தன. விமானத்தின் உள்ளேயும் தீ பரவியது. எல்லாரும் குதித்துவிடும்படி விமானி ஆர்ட் டி பிரெய்ன் உத்தரவிட்டார். மினார்ஸ்கி தம் கூண்டிலிருந்து இறங்கி வெளியேறும் கதவருகே வந்தார். அப்போதுதான் வால் பக்கம் பார்த்தார். பிரோஃபியின் கூண்டு பாதியில் சிக்கி நின்றது. கையால் திருப்பும் பிடியும் உடைந்துவிட்டது.

கதவு அருகிலேயே இருந்தது. மினார்ஸ்கியோ தீயின் ஊடே தவழ்ந்து நண்பரிடம் சென்றார். கோடரியால் கூண்டை நெம்பிப் பார்த்தார். பிறகு வெறுங்கையால் இழுத்தார். அது அசையவில்லை. அதற்குள் அவரது உடையிலும் தீப்பற்றிவிட்டது. போய்விடும்படி பிரோஃபி கையசைத்தார். மினார்ஸ்கி நண்பரைப் பார்த்தபடியே பின்னோக்கித் தவழ்ந்து கதவை அடைந்தார். அங்கு நிமிர்ந்து நின்று, வழக்கம்போல் சல்யூட் அடித்துவிட்டுக் குதித்தார்.

அவருடைய வான்குடையும் எரிந்துகொண்டிருந்தது. பிரெஞ்சு மக்கள் அவரைக் கண்டெடுத்தனர். ஆனால் தீக்காயங்களால் அவர் விரைவில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 27. நண்பரைக் காப்பாற்ற முடியவில்லை என்ற எண்ணத்தோடுதான் அவர் கண்மூடியிருப்பார்.

ஆனால் பிரோஃபி சாகவில்லை. விமானம் தரையில் மோதியபோது ஒரு மரம் அதன் இறக்கையைப் பிய்த்தது. அந்த வேகத்தில் கூண்டு திறந்துகொள்ள, பிரோஃபி வெளியே வீசப்பட்டு உயிர்பிழைத்தார். மற்ற ஐவரும் தப்பினர். எழுவரில் இறந்தவர் மினார்ஸ்கி மட்டுமே.

சில மாதங்கள் கழித்து இங்கிலாந்து திரும்பிய பிரோஃபிதான் நடந்ததைச் சொன்னார். அந்தச் சாட்சியத்தின் பேரில் 1946 அக்டோபரில் மினார்ஸ்கிக்கு விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது. இன்றும் கனடாவில் பறக்கும் ஒரே லங்காஸ்டர் விமானம் அவரது நினைவைச் சுமக்கிறது.

மதிப்பெண்ணையும் தேர்ச்சியையும் வைத்தே முயற்சியை அளந்து பழகியவர்கள் நாம். அந்தக் கணக்குப்படி மினார்ஸ்கி செய்தது வீண். கூண்டு திறக்கவில்லை, பிரோஃபியைக் காப்பாற்றியது ஒரு மரம். ஆனாலும் பக்கத்தில் இருந்த கதவை விட்டுவிட்டுத் தீக்குள் போன அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் அவருக்கு விருது தரப்பட்டது.

இன்னொன்றும் என் மனத்தை விட்டு அகலவில்லை. பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் பறந்த ஏறத்தாழ 125,000 பேரில் 55,573 பேர் மாண்டனர். பல விமானங்களிலிருந்து ஒருவர்கூடத் திரும்பவில்லை. அவற்றிலும் நண்பருக்காகத் தீக்குள் தவழ்ந்தவர்கள் இருந்திருப்பார்கள். அதைச் சொல்லத்தான் ஒரு பிரோஃபி உயிரோடு இல்லை.