நாசரும் நாடிழந்தோரும்

குண்டு மழைக்கு நடுவே சிக்கிய மக்களுக்கு அண்டை நாடு கதவைத் திறந்துவிட வேண்டும் என்பதே நம் மனத்தில் முதலில் எழும் எண்ணம். ஆனால், 2023 அக்டோபரில் காசா மக்களைச் சினாய்ப் பாலைவனத்துக்கு அனுப்பும் பேச்சு எழுந்தபோது எகிப்து மறுத்தது, ஜோர்டானும் மறுத்தது. 2025 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் டிரம்ப் அம்மக்களை வேறு நாடுகளில் குடியேற்ற வேண்டும் என்றார். மார்ச் 4-ஆம் நாள் அரபு நாடுகளின் மாநாடு கெய்ரோவில் கூடியது. மக்களை வெளியேற்றாமலேயே காசாவை மீண்டும் கட்டியெழுப்ப எகிப்து வகுத்த 5,300 கோடி டாலர் திட்டத்தை அம்மாநாடு ஏற்றது. இது என்ன கல்நெஞ்சம் என்று நம் சங்க நண்பர்கள் சிலர் என்னைக் கேட்டதுண்டு. அதற்கு விடை தேடிப் போனால், கமால் அப்துல் நாசரின் வாழ்வில் வந்து நிற்கிறோம். அவ்வாழ்வைச் சுருக்கமாகச் சொல்ல விழைகிறேன்.

நாசர் 1918 ஜனவரி 15 அன்று அலெக்சாந்திரியா நகரில் பிறந்தார். தந்தை அஞ்சல் நிலைய ஊழியர். தந்தைக்கு ஊர் மாற்றம் வந்தபோதெல்லாம் மகனுக்குப் பள்ளி மாற்றமும் வந்தது. எட்டு வயதில் தாயை இழந்தார். 1935-இல், பள்ளி மாணவராக இருந்தபோதே, ஆங்கில ஆதிக்கத்தை எதிர்த்து ஊர்வலம் சென்று தலையில் காயம்பட்டார். 1937-இல் இராணுவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அவர் வாழ்வைத் திருப்பியது 1948-ஆம் ஆண்டுப் பாலஸ்தீனப் போர். அப்போரில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் வீடு வாசல் இழந்தனர். காசாவுக்கு வடகிழக்கே பலூஜா என்னும் ஊரில், அக்டோபர் முதல் மறு ஆண்டு பிப்ரவரி வரை, சுமார் நாலாயிரம் எகிப்தியப் போர்வீரர்கள் இஸ்ரேலியப் படையின் முற்றுகையில் சிக்கிக் கிடந்தனர். அவர்களுள் ஒருவர் நாசர். தம் மகளின் வயதே உடைய ஓர் அகதிச் சிறுமி, பாய்ந்து வரும் குண்டுகளுக்கிடையே ஒரு ரொட்டித் துண்டைத் தேடி ஓடியதை அவர் அங்கே கண்டார். பின்னாளில் எழுதிய 'புரட்சியின் தத்துவம்' என்னும் நூலிலும் அவளைக் குறிப்பிட மறக்கவில்லை.

1949 பிப்ரவரி 24 அன்று ரோட்ஸ் தீவில் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. எகிப்தியப் படை ஆயுதங்களோடு நாடு திரும்பியது. பலூஜாவிலும் அடுத்திருந்த இராக் அல் மன்ஷியாவிலும் வாழ்ந்த பொதுமக்கள் விரும்பினால் அங்கேயே இருக்கலாம், அவர்களுக்கு ஊறு நேராது என்று இஸ்ரேல் எழுத்தில் உறுதி தந்திருந்தது. சில வாரங்களில் அந்த மக்கள் அச்சுறுத்தப்பட்டு முற்றாக வெளியேறினர். எழுத்தில் தந்த உறுதி இரண்டு மாதம்கூட நிற்கவில்லை. பாலஸ்தீனர் ஓரிடத்தை விட்டு ஒருமுறை வெளியேறினால் திரும்ப முடியாது என்று அரபு மக்கள் அஞ்சுவதற்கு இத்தகைய பட்டறிவே அடிப்படை என்பேன்.

1952 ஜூலை 23 அன்று நாசரும் அவர் தோழர்களான இளம் அதிகாரிகளும் மன்னர் பாரூக்கின் ஆட்சியைக் கவிழ்த்தனர். அதோடு காசாவின் பொறுப்பும் அவர்கள் தலையில் விழுந்தது. நாற்பது கிலோமீட்டர் நீளமே உள்ள அந்த மணல் துண்டில், ஏற்கெனவே வாழ்ந்த எண்பதாயிரம் பேரோடு இரண்டு லட்சம் அகதிகள் வந்து நெருக்கியடித்து நின்றனர்.

இங்கேதான் நம்மில் பலர் அறியாத செய்தி ஒன்று வருகிறது. அவர்களைச் சினாயில் குடியேற்றுவதற்கு முதலில் இசைந்தது நாசரின் அரசேதான்! 1953-இல் எகிப்து, ஐக்கிய நாடுகளின் அகதிகள் உதவி நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. நைல் நதி நீரைச் சினாயின் வடமேற்குக்குக் கொண்டுசென்று, பாலையை விளைநிலமாக்கி, பல்லாயிரம் அகதிகளை அங்கே குடியமர்த்துவது திட்டம். தாளில் பார்த்தால் நல்ல திட்டமே. வேலை உண்டு, நிலம் உண்டு, நீர் உண்டு. அகதிகளின் சம்மதம் ஒன்றுதான் இல்லை.

1955 பிப்ரவரி 28 இரவு இஸ்ரேலியப் படை காசாவில் நுழைந்து தாக்கியது. முப்பதுக்கும் மேற்பட்ட எகிப்திய வீரர்கள் மாண்டனர். மறுநாள் காசா பொங்கி எழுந்தது. மாணவர், ஆசிரியர், முகாம் மக்கள் எனப் பல்லாயிரவர் தெருவில் இறங்கினர். பொதுவுடைமையரும் முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தாரும் பகை மறந்து ஒன்றாக நடந்தனர். முன்னணியில் நின்றவர்களுள் ஒருவர், கவிஞரும் பள்ளி ஆசிரியருமான முயின் பசைசு. சினாய்க் குடியேற்றத்தைக் கைவிட வேண்டும், ஊரைக் காக்க ஆயுதமும் பயிற்சியும் வேண்டும் என்பனவே அவர்கள் கோரிக்கைகள். பசித்த வயிறுகள் புது நிலத்தை வேண்டாமென்று தள்ளின. பழைய ஊருக்குத் திரும்பும் உரிமையை அதற்கு விலையாகக் கொடுக்க அவர்கள் ஒப்பவில்லை.

நாசரின் அரசு பணிந்தது. சினாய்த் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் பசைசு உள்ளிட்ட தலைவர்களை அதே அரசு சிறையில் அடைத்தது. அவர் வெளியே வந்தது 1957-இல். நாசரைப் போற்றுவோர் இந்த இடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர். நான் இங்கேதான் நிற்க விரும்புகிறேன். எகிப்து இன்று சொல்லும் மறுப்பு, அன்று அகதிகள் தெருவில் நின்று எகிப்துக்கே கற்பித்த பாடம். கற்றுக்கொண்டார் என்பது நாசரின் பெருமை. கற்பித்தவர்களைச் சிறையிலிட்டார் என்பது அவரது குறை.

அதே ஏப்ரலில் நாசர் நேருவோடு பாண்டுங் மாநாட்டில் அமர்ந்தார். பாலஸ்தீனம் பற்றிய ஐ.நா. தீர்மானங்களை நிறைவேற்ற வேண்டும் என அம்மாநாடு கேட்டது. 1956-இல் சூயஸ் கால்வாயை அவர் நாட்டுடைமையாக்கியதும், பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் படையெடுத்ததும் யாவரும் அறிந்ததே. அதன்பின் காசாவில் நிறுத்தப்பட்ட ஐ.நா. அமைதிப் படையில் நம் இந்திய வீரர்களும் பத்தாண்டு காவல் நின்றனர். 1967 போரில் அவர்களுள் சிலர் அம்மண்ணிலேயே உயிர் நீத்தனர்.

அகதிகளை நடத்திய முறையில் அரபு நாடுகள் ஒன்றுபோல் இல்லை. ஜோர்டான் குடியுரிமை தந்தது. ஆனால் மேற்குக் கரையையே தன்னோடு இணைத்துக்கொண்டது. சிரியா குடியுரிமை தராமல், வேலை, கல்வி முதலியவற்றில் தன் மக்களுக்கு நிகரான உரிமை தந்தது. லெபனான் பல தொழில்களின் கதவை அடைத்தது. எகிப்து தன் பல்கலைக்கழகங்களைக் காசா இளைஞர்க்குத் திறந்தது, குடியுரிமை தரவில்லை. 1965-இல் காசாபிளாங்காவில் அரபு நாடுகள் ஓர் உடன்பாடு கண்டன. பாலஸ்தீனர் தம் தேசிய அடையாளத்தை இழக்காமலே, தங்கியுள்ள நாட்டில் வேலை செய்யலாம், பயணம் செய்யலாம் என்பது அது. சில நாடுகள் அதை முழுமையாக ஏற்கவே இல்லை. ஏற்றவற்றிலும் சொல் ஒன்று, செயல் வேறு. ஊர் திரும்பும் உரிமையைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு, இருக்கும் ஊரில் வாழும் உரிமையைப் பறித்த நாடுகளும் உண்டு.

1967 ஜூனில் நாசர் தோற்றார். காசாவும் சினாயும் கைவிட்டுப் போயின. மேற்குக் கரையிலிருந்தும் காசாவிலிருந்தும் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் புதிதாக அகதியாயினர். 1970 செப்டம்பரில் ஜோர்டான் மன்னர் ஹுசைனின் படையும் பாலஸ்தீனப் போராளிகளும் தம்முள் மோதிக் குருதி சிந்தினர். உடல் நலிந்திருந்த நாசர் அரபுத் தலைவர்களைக் கெய்ரோவில் கூட்டி, ஹுசைனையும் அராபத்தையும் 27-ஆம் நாள் சமாதானத்தில் கையெழுத்திடச் செய்தார். மறுநாள் மாரடைப்பால் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 52. கெய்ரோவில் இறுதி ஊர்வலத்தில் பல லட்சம் மக்கள் கண்ணீரோடு திரண்டனர்.

நண்பர்களே, கதவைத் திறப்பதும் அறமாகலாம். வெளியே தள்ளுவோர்க்குத் துணைபோகாமல் இருப்பதும் அறமாகலாம். எது அறம் என்று அந்த மக்களைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். கேளாமல் திறந்தால் அது நாடு கடத்தலுக்கு உதவி. கேளாமல் அடைத்தால் அது சிறை. 1953-இல் நாசர் அவர்களைக் கேட்கவில்லை. 1955-இல் அவர்கள் கேட்க வைத்தனர். காசாவின் எதிர்காலம் பற்றி மாநாட்டு மேடைகளில் பேசும் ஒவ்வோர் அரசும், அரபு அரசேயாயினும், அந்த மார்ச் முதல் நாளை நினைவில் கொள்ளட்டும்.