எச். ஏ. பாப்லி

ஹெர்பர்ட் ஆர்தர் பாப்லி (1878 – 1960) தமிழகத்தில் பணியாற்றிய ஆங்கிலேயக் கிறித்தவக் குருவும் இந்திய இசை பற்றிய நூலாசிரியரும் ஆவார். தமிழ்த் திருச்சபைகளின் வழிபாட்டில் இந்நாட்டு இசைக்கு உரிய இடம் வேண்டும் என்று வலியுறுத்தியவர்களுள் இவர் குறிப்பிடத்தக்கவர்.

பின்னணி

தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த செருமானிய மிசனரிகளின் காலம் முதல், ஐரோப்பியப் பாடல்கள் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, அவற்றின் மூல மெட்டுகளிலேயே பாடப்பட்டன. தமிழ்ச் செய்யுளின் ஓசை குறில், நெடில் அளவைச் சார்ந்தது. அம்மெட்டுகளில் குறில் நீண்டும் நெடில் குறுகியும் ஒலித்ததால் சொற்கள் சிதைந்தன. மறுபுறம், தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774 – 1864) போன்றோர் இராக, தாளத்துடன் கீர்த்தனைகள் இயற்றினர். மதுரை அமெரிக்க மிசனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் வெளியிட்ட பாடல் தொகுப்பு இக்கீர்த்தனைகள் கோயில் வழிபாட்டில் பரவ உதவியது.

இசைப் பணி

இலண்டன் மிசனரி சங்கத்தின் சார்பில் பாப்லி ஈரோட்டில் பணியாற்றினார். பின்னர் ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்திலும் ஈடுபட்டார். எழுத்தறிவு குறைந்திருந்த அன்றைய கிராமங்களில், உரைநடைப் பிரசங்கத்தைவிடப் பாட்டுடன் சொல்லப்படும் கதை மக்கள் மனத்தில் எளிதில் பதிந்தது. எனவே கதாகாலட்சேப முறையை நற்செய்திப் பணிக்கு இவர் ஏற்றுக்கொண்டார். இதற்கான கையேடு ஒன்றை எல். ஐ. ஸ்டீபனுடன் இணைந்து 1914இல் வெளியிட்டார்.

நூல்கள்

இவருடைய 'இந்திய இசை' என்னும் ஆங்கில நூல் 1921இல் 'இந்திய மரபுரிமை' வரிசையில் வெளிவந்தது. இசையின் வரலாறு, இராகம், தாளம், இசைக்கருவிகள், இந்திய – மேனாட்டு இசை வேறுபாடு ஆகியவற்றை அது விளக்குகிறது. இதன் இரண்டாம் பதிப்பு 1950இல் வந்தது. அதே வரிசையில் 1931இல் திருக்குறளின் தேர்ந்தெடுத்த குறட்பாக்களை ஆங்கிலத்தில் வெளியிட்டார். சேலத்தில் பிறந்தவரும், இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியத் தேசியப் பொதுச் செயலாளருமான கே. டி. பாலின் (1876 – 1931) வாழ்க்கை வரலாற்றை 1938இல் எழுதினார்.

மதிப்பீடு

மிசனரிகளில் பலர் இந்திய இசையைக் கோயில்களுடனும் நாட்டியத்துடனும் தொடர்புபடுத்தி, கிறித்தவ வழிபாட்டிற்கு ஒவ்வாதது எனக் கருதினர். பாப்லி அதனைக் கற்கத்தக்க கலையாக அணுகினார். கீர்த்தனைகளை முதலில் படைத்தவர்கள் தமிழ்ப் புலவர்களே. அவற்றின் இசை மரபை ஆங்கிலம் அறிந்தோருக்கும் மிசனரிகளுக்கும் விளங்கவைத்ததே பாப்லியின் பங்களிப்பாகும். தமிழ்த் திருச்சபைகளில் பாமாலைகளும் கீர்த்தனைகளும் இன்றும் அருகருகே பாடப்பட்டு வருகின்றன.