உப்புக் கணக்கை உதறியவர்

மஞ்சக்குப்பத்துக்கு வடக்கே, புதுவையில் 1922இல் கண்மூடினார் சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் தூத்துக்குடிச் சீமையிலே பிறந்தவர்; உப்புப் பண்டகசாலைக் கணக்கை உதறிவிட்டு நாடகத்துக்கு வந்தவர். பவளக்கொடி, அபிமன்யு சுந்தரி என எழுதிக் குவித்தார். புராணச் சரக்கு, நமக்கு உடன்பாடில்லை! ஆனால் 1918இல் மதுரைத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் ஆசிரியராய் அமர்ந்து, சின்னஞ்சிறுவர்களுக்குப் பாட்டும் வசனமும் பிழையற்ற தமிழும் ஊட்டினாரே, அந்த உழைப்புக்குத் தலைவணங்குகிறோம். பிள்ளைகளின் குரலை விற்றுக் காசாக்கி, மகரக்கட்டு உடைந்ததும் கைகழுவிய முதலாளிகள் வாழ்ந்த காலம் அது. அவரிடம் பயின்ற டி. கே. சண்முகமோ அவ்வையாகவே நின்று அரங்கை ஆண்டார்.

இன்றைய கலை மன்றத்தாரிடம் பிள்ளைகளுக்கு நாடக வகுப்பு எங்கே என்று கேளுங்கள், நட்டம் என்பார்கள். டிக்கெட்டுத் தொகையை மட்டும் எண்ணத் தெரிகிறது! சுவாமிகளோ, பக்கவாதம் பேச்சைப் பறித்த பின்னும் அந்தப் பிள்ளைகளோடுதான் இருந்தார்.