மனைவி மக்களைப் பிரிந்த ஓவியர்

பாரிஸ் நகரில் பங்குத் தரகர் ஒருவரிடம் உத்தியோகம். கை நிறைய வருமானம். டென்மார்க் நாட்டிலிருந்து வந்த மனைவி. அடுத்தடுத்துப் பிறந்த குழந்தைகள். பால் காகினுக்கு எந்தக் குறையும் இருக்கவில்லை.

அவர் 1848-ம் ஆண்டு பாரிஸில் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே தகப்பனாரை இழந்தார். சில ஆண்டுகள் பெரு நாட்டில் தாயின் உறவினர் வீட்டில் வளர்ந்தார். வாலிப வயதில் கப்பலில் வேலை பார்த்தார். பிறகுதான் பங்குத் தரகரிடம் சேர்ந்தார். 1873-ல் மெட்டே என்ற பெண்ணை மணந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஓவியர்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் காகின் தூரிகையை எடுத்துவிடுவார். மற்றவர்கள் சீட்டாடுவதுபோல, அவருக்குப் படம் தீட்டுவது ஒரு பொழுதுபோக்கு. பிஸாரோ என்ற பெரிய ஓவியரின் பழக்கம் கிடைத்தது. அவரிடம் பாடம் கற்றார். சம்பாதித்த பணத்தில் மற்ற ஓவியர்களின் படங்களை வாங்கிச் சேர்த்தார். நாளடைவில் அவர்களுடைய கண்காட்சிகளில் தம்முடைய படங்களையும் வைத்தார்.

1882-ல் பாரிஸ் பங்கு மார்க்கெட் சரிந்தது. பலருடைய பிழைப்பில் மண் விழுந்தது. அடுத்த ஆண்டில் காகினுக்கும் வேலை இல்லை. அப்போது அவருக்கு வயது 34. ஐந்தாவது குழந்தை அந்த ஆண்டுக் கடைசியில்தான் பிறந்தது.

வேறு யாராக இருந்தாலும் இன்னொரு உத்தியோகம் தேடி அலைந்திருப்பார்கள். காகினோ, இனி ஓவியமே தொழில் என்று முடிவு செய்தார். மெட்டே மணந்தது தரகரை, ஓவியரை அல்ல. அந்த அம்மாள் அதிர்ந்து போனதில் வியப்பில்லை.

படங்கள் விற்கவில்லை. கையிருப்பு கரைந்தது. குடும்பம் மெட்டேயின் நாடான டென்மார்க்கில் உள்ள கோபன்ஹேகனுக்குப் போயிற்று. அங்கே ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் தார்ப்பாய்களை விற்கும் வேலையை காகின் ஏற்றார். அதிலும் வியாபாரம் இல்லை. மெட்டே பிரெஞ்சு மொழி சொல்லிக் கொடுத்தும், புத்தகங்களை மொழிபெயர்த்தும் வீட்டை நடத்தினார். மாமியார் வீட்டில் காகினுக்கு மதிப்புக் குறைந்தது.

சுவரொட்டி ஒட்டினார்

1885-ல் அவர் பாரிஸுக்குத் திரும்பினார். மனைவியும் நான்கு குழந்தைகளும் டென்மார்க்கிலேயே தங்கினார்கள். ஆறு வயது மகன் குளோவிஸை மட்டும் உடன் அழைத்துச் சென்றார்.

அந்தக் குளிர்காலம் பொல்லாதது. வாடகை அறை. கையில் காசில்லை. சிறுவனுக்கு அம்மை கண்டது. ஒரு காலத்தில் பங்கு மார்க்கெட்டில் பணம் புரட்டிய மனிதர், பசைவாளியைத் தூக்கிக்கொண்டு சுவரொட்டி ஒட்டப் போனார். மகனுக்குச் சோறு வேண்டுமே! குளோவிஸ் பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்தப் பிள்ளை படம் தீட்டக் கேட்டானா, பாரிஸ் கேட்டானா? 1887-ல் மெட்டே வந்து அவனை அழைத்துக்கொண்டு போனார்.

காகின் அதே ஆண்டு பனாமாவுக்குப் போய்க் கால்வாய் வெட்டும் கூலியானார். 1888-ல் வான் கோ என்ற ஓவியருடன் ஒன்பது வாரம் ஒரே வீட்டில் தங்கினார். அது சண்டையில் முடிந்தது.

1891 மார்ச்சில் கோபன்ஹேகன் சென்று குடும்பத்தைப் பார்த்தார். அதுவே கடைசிச் சந்திப்பு. ஏப்ரலில் மார்செய் துறைமுகத்தில் கப்பலேறி, பசிபிக் கடலில் உள்ள டாஹிட்டித் தீவுக்குச் சென்றார்.

அவருடைய புகழ்பெற்ற படங்கள் அங்கே பிறந்தன. மஞ்சளும் சிவப்பும் நீலமும் அள்ளித் தெளித்த படங்கள். ஆனால் தீவில் அவர் நடந்துகொண்ட விதத்தைப் போற்ற முடியாது. ஊரில் மனைவி இருக்க, 13 வயதை ஒட்டிய சிறுமியைத் துணையாக்கிக் கொண்டார்.

1893-ல் பிரான்சுக்குத் திரும்பினார். தகப்பனாரின் சகோதரர் விட்டுச்சென்ற சொத்தில் பணம் வந்தது. பிள்ளைகளை வளர்த்த மெட்டே தமக்கும் ஒரு பங்கு எதிர்பார்த்தார். கிடைத்தது சொற்பமே. 1895-ல் காகின் மீண்டும் டாஹிட்டிக்குக் கிளம்பிவிட்டார்.

மகளின் மரணம்

மகள் அலீன்மேல் அவருக்கு உயிர். தீவில் எழுதிய ஒரு நோட்டுப் புத்தகத்தை அவளுக்கென்றே அர்ப்பணித்திருந்தார். அது அவள் கைக்குப் போய்ச் சேரவே இல்லை. 1897 ஜனவரியில் நிமோனியா காய்ச்சலில் அலீன் இறந்தாள். வயது 19. கடல் கடந்து செய்தி வருவதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. காகின் மனம் உடைந்தார். அந்த ஆண்டோடு கணவன் மனைவிக்கிடையே கடிதப் போக்குவரத்தும் நின்றது.

நோய், கடன், துக்கம் மூன்றும் சேர்ந்து வாட்டிய அந்த நாளில்தான் 12 அடிக்கு மேல் நீளமுள்ள பெரிய படம் ஒன்றைத் தீட்டினார். நாம் எங்கிருந்து வந்தோம், நாம் யார், எங்கே போகிறோம் என்பது அதன் பெயர். அமெரிக்காவில் பாஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது.

1900-ல் குளோவிஸும் இறந்தான். வயது 21. அந்தச் செய்தி தகப்பனுக்கு எட்டவே இல்லை.

1903 மே 8-ந் தேதி, ஹிவா ஓவா என்ற இன்னொரு தீவில் காகின் காலமானார். வயது 54. அருகில் மனைவியும் இல்லை, மக்களும் இல்லை. உயிரோடிருந்தபோது விலை போகாத அவருடைய படங்களுக்குப் பின்னர் கிராக்கி ஏறியது. 1892-ல் அவர் டாஹிட்டியில் தீட்டிய ஒரு படம், 2014-ல் சுமார் 21 கோடி டாலருக்குக் கைமாறியது.

மெட்டே 1920 வரை வாழ்ந்தார். பிள்ளைகளில் ஜான் சிற்பியானார். கடைக்குட்டி போலா ஓவியரானார்; 1937-ல் தகப்பனாரின் வாழ்க்கையைப் புத்தகமாகவும் எழுதினார். தகப்பனார் டாஹிட்டிக்குக் கப்பலேறியபோது அவருக்கு வயது ஏழு.