ஊமைத்துரையின் உயிரைக் காத்த தாய்

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வீழ்ந்துவிட்டது. வெளியே வெட்டவெளியில் எங்கு பார்த்தாலும் பிணங்கள். அவற்றின் நடுவே, உடம்பெல்லாம் காயத்தோடு ஓர் இளைஞன் குற்றுயிராகக் கிடந்தான்.

அவன்தான் ஊமைத்துரை. வெள்ளையர் படை வலைவீசித் தேடிய வீரன்!

இது நடந்தது 1801-ம் ஆண்டு மே மாதம் 24-ந் தேதி.

வீரபாண்டிய கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை. இயற்பெயர் குமாரசாமி. அவனுக்குப் பேச்சு வராது. மெலிந்த உடம்பு. ஆனாலும் அவன் கை அசைந்தால் போதும்; ஆயிரம் பேர் எழுந்து நிற்பார்கள். மக்கள் அவனைச் சாமி என்றே அழைத்தார்கள்.

போருக்குக் கட்டளையிடவும் அவனுக்குப் பேச்சு தேவைப்படவில்லை. சிறு துரும்புகளைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் அடுக்குவான். அவைதான் வெள்ளைக்காரச் சிப்பாய்கள். பிறகு உஸ்ஸென்று வாயால் ஒலி எழுப்பி, வலது கையால் அத்தனை துரும்பையும் ஒரே வீச்சில் தள்ளிவிடுவான். அதுதான் உத்தரவு. வீரர்கள் பாய்வார்கள்!

புதுக்கோட்டைக் காட்டில்...

ஊமைத்துரையின் கதை அண்ணனின் முடிவிலிருந்து தொடங்குகிறது.

1799-ம் ஆண்டு கும்பினியார் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார்கள். கட்டபொம்மன் கோட்டையை விட்டு வடக்கே புதுக்கோட்டைச் சீமைக்குப் போனான். தொண்டைமான் அரசோ கும்பினியாருக்கு நட்பு அரசு. திருக்களம்பூர்க் காட்டில் கட்டபொம்மன் பிடிபட்டான். கும்பினியாரிடம் ஒப்படைக்கப்பட்டான். அக்டோபர் 16-ந் தேதி கயத்தாற்றில் அவனைத் தூக்கிலிட்டார்கள். கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டான்.

ஓராண்டுக்கு மேல் ஓடிவிட்டது. கதை முடிந்தது என்று கும்பினியார் நினைத்தார்கள்.

1801 பிப்ரவரி 2-ந் தேதி. அன்று கும்பினிப் படைத்தலைவன் மெக்காலே வீட்டில் விருந்து. துரைமார்களும் துரைசானிகளும் உண்டு களித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மாறுவேடத்தில் வந்த வீரர்கள் சிறைக் காவலர்களை மடக்கினார்கள். ஊமைத்துரை வெளியே வந்தான். இரவோடு இரவாகச் சுமார் 30 மைல் கடந்து பாஞ்சாலங்குறிச்சி போய்ச் சேர்ந்தான்.

ஒரு வாரம் கழித்து மெக்காலே படையுடன் அங்கே போனான். அவன் கண்களை அவனாலேயே நம்ப முடியவில்லை. இடித்த இடத்தில் மீண்டும் கோட்டை நின்றது! ஊர் மக்கள் இரவு பகலாக மண் சுமந்து எழுப்பிய கோட்டை அது.

மார்ச் 31-ந் தேதி வெள்ளையர் அதைத் தாக்கினார்கள். ஈட்டிகளுக்கு முன் நிற்க முடியாமல் பின்வாங்கினார்கள். பிறகு கர்னல் அக்னியூ பெரும்படையோடும் பீரங்கிகளோடும் வந்து சேர்ந்தான். மே 24-ந் தேதி பீரங்கிக் குண்டுகள் மண்சுவரைப் பிளந்தன. கோட்டையிலிருந்து தப்பி ஓடியவர்களைக் குதிரைப்படை துரத்தித் துரத்தி வெட்டியது.

அந்த ஓட்டத்தில்தான் ஊமைத்துரை வெட்டுண்டு விழுந்தான்.

அழுதாள் ஒரு தாய்

சண்டை ஓய்ந்தது. பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் தங்கள் பிள்ளைகளையும் உறவினரையும் தேடிப் போர்க்களத்துக்கு வந்தார்கள். ஒரு தாய் தன் மகனைக் கண்டுபிடித்தாள். அவனுக்கு உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. அவனைத் தூக்கப் போனாள்.

மகன் தடுத்தான். தான் செத்தாலும் பரவாயில்லை, அருகில் சாமி விழுந்து கிடக்கிறார், அவரைக் காப்பாற்று என்று கெஞ்சினான்.

பெற்ற மகன் ஒரு பக்கம். ஊரே வணங்கும் வீரன் மறு பக்கம். எந்தத் தாய்க்கும் வரக்கூடாத சோதனை! ஆனாலும் அவள் மகன் சொல்லைக் கேட்டாள். ஊமைத்துரையைத் தன் வீட்டுக்குக் கொண்டு போனாள்.

சற்று நேரத்தில் கும்பினியாருக்குத் துணையாக வந்திருந்த எட்டயபுரத்துப் படையாட்கள் தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒளித்து வைக்க இடமில்லை. ஓடவும் வழியில்லை. கண்டுபிடித்தால் அவள் கதி என்ன ஆகும்?

அவள் ஒரு துணியை எடுத்து ஊமைத்துரையைத் தலையோடு கால் மூடினாள். பெண்கள் எல்லோரும் ஓவென்று ஒப்பாரி வைத்தார்கள். பிள்ளை அம்மையில் மாண்டுபோனான் என்று சொன்னார்கள்.

அம்மை என்ற சொல்லைக் கேட்டதும் வந்தவர்கள் துணியைத் தூக்கிப் பார்க்கவில்லை. ஓட்டம் பிடித்தார்கள்! அந்தக் காலத்தில் பெரியம்மை என்றால் அவ்வளவு பயம். ஜென்னர் கண்டுபிடித்த அம்மைப்பால் இந்தியாவுக்கு வந்ததே மறு ஆண்டில், 1802-ல்தான்.

இறந்ததாகச் சொன்னது பொய். ஆனால் மகனைப் பறிகொடுத்த தாயின் அழுகை பொய்யாக இருக்குமா?

மீண்டும் போர்க்களம்

ஊமைத்துரை உயிர் பிழைத்தான். கமுதிக்குச் சென்று, அங்கிருந்து சிவகங்கைச் சீமையின் சிறுவயலுக்குப் போனான். மருது சகோதரர்கள் அவனுக்கு அடைக்கலம் கொடுத்தார்கள். அவனைப் பிடித்துக் கொடுக்கும்படி கும்பினியார் கேட்டும் அவர்கள் மறுத்தார்கள். அதனால் போர் மூண்டது.

அக்டோபர் 1-ந் தேதி காளையார்கோவில் வீழ்ந்தது. அக்டோபர் 24-ந் தேதி மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். திண்டுக்கல் பக்கம் போன ஊமைத்துரையும் பிடிபட்டான். நவம்பர் 16-ந் தேதி பாஞ்சாலங்குறிச்சியிலேயே அவனைத் தூக்கிலிட்டார்கள். அந்தத் தாய் வாங்கிக் கொடுத்த வாழ்வு ஆறு மாதம்கூட நீடிக்கவில்லை. ஆனால் அந்தச் சில மாதங்களுக்குள் தெற்குச் சீமையே கும்பினியாரை எதிர்த்து எழுந்துவிட்டது.

இந்தக் கதையை எழுதி வைத்தது யார் தெரியுமா? அதே போரில் வெள்ளையர் பக்கம் நின்று போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி! 1830-ல் வெளிவந்த தன் போர் நினைவுகளில், எதிரியைக் காப்பாற்றிய அந்தப் பெண்ணைப் பற்றி அவர் மறக்காமல் எழுதியிருக்கிறார். ஆனால் அவள் பெயர் அதில் இல்லை.

1974-ல் பாஞ்சாலங்குறிச்சியில் தமிழக அரசு நினைவுக் கோட்டை கட்டியது. அங்கே போகிறவர்கள் கட்டபொம்மனை நினைக்கிறார்கள், ஊமைத்துரையை நினைக்கிறார்கள். கோட்டையும் இல்லாமல், வாளும் இல்லாமல், ஒரு முழத் துணியையும் கண்ணீரையும் கொண்டு ஒரு படையை விரட்டிய அந்தத் தாயையும் ஒரு கணம் நினைக்கலாம்.